முத்துவின் மூன்று ஏக்கர் கணக்கு

குழு: சாயல்குடி தாத்தா வீடு
பங்குனி மாதம், ஞாயிறு மாலை

முத்து (சென்னை): எல்லாருக்கும் வணக்கம். ஒன்று கேட்கணும், யாரும் திட்டக் கூடாது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். தாத்தாவின் கரிசல் மூன்று ஏக்கரில் செல்வி அக்கா ஒரு ஏக்கர்தான் மிளகாய் போடுகிறார். மீதி இரண்டில் போர் போட்டு, சொட்டுநீர் இழுத்து, கத்தரியும் தக்காளியும். எக்செல்லில் கணக்குப் போட்டுவிட்டேன். மூன்றாம் வருஷம் போட்ட பணம் திரும்பிவிடுகிறது.

மாமா (கீழக்கரை): எக்செல்லில் மழையை எந்தக் கட்டத்தில் போட்டாய் மருமகனே?

சுந்தரி மதினி: கொழுந்தனாரே, முதலில் வாங்க. வீட்டு ஓட்டில் ஆலங்கன்று முளைத்துக் கிடக்கிறது. அதைப் பிடுங்க ஒரு ஆள் வேண்டும்.

பெரியப்பா: தம்பி, போர் பேச்சை எடுக்கும் முன் இதைப் படி. நம் கரிசலில் இருந்து கடல் மூன்று கிலோமீட்டர். பத்து வருஷம் முன்னால் நானும் போர் போட்டேன். தண்ணீர் கொட்டிய கொட்டில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம். அப்புறம் வாயில் வைத்தேன். கடல். இவ்வளவு செலவு செய்தாயிற்றே என்று ஒரு பாத்திக்கு விட்டும் பார்த்தேன். பத்தாம் நாள் மண் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அந்த இடத்தில் இன்றைக்கும் புல் சரியாக முளைக்காது.

முத்து: அப்போ மணற்காட்டுப் பனந்தோப்பில்? அங்கே ஊற்றுத் தண்ணீர் இனிக்குமே?

பெரியப்பா: இனிக்கும். ஏன் என்று கேள். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் அடியில் இருக்கும் உப்புத்தண்ணீர் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. எட்டு, பத்து அடிதான். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் உள்ளது மேலே ஏறிவிடும். உன் அப்பத்தா ஊற்றுக்குள் குனிந்து சிரட்டையால் கோரித்தான் குடம் நிரப்புவாள். நாலு சிரட்டை கோருவாள், வெற்றிலை போடுவாள், ஊறியதும் மறுபடி நாலு. நான் சின்னப் பையனாக இருந்தபோது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

மாமா (கீழக்கரை): நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷ சராசரி மழை 827 மில்லிமீட்டர். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்துவிடும். போர் காசில் பண்ணைக்குட்டை வெட்டு. கரிசலில் தண்ணீர் நிற்கும்.

முத்து: சரி, போரை அழித்துவிட்டேன். அக்கா, மிளகாய்க் கணக்கு நீங்கள் சொல்லுங்கள்.

செல்வி அக்கா: களத்தில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். புரட்டாசியில் புழுதியாக உழுது போடணும். மழை பிந்தினால் விதை எறும்புக்கு. கூடிப்போனால் செடி அழுகும். இந்த வருஷம் இரண்டாவது நடந்தது, பாதிச் செடி போயிற்று. தை கடைசியில் பழம் எடுக்க ஆரம்பித்து இதுவரை ஐந்து எடுப்பு. பறிப்பு கூலியை நினைத்தால் சில நாள் செடியிலேயே விட்டுவிடலாம் போலிருக்கும்.

பறிப்பதோடு முடிந்தது என்று நினைக்காதே. பழத்தை ஒரு நாள் குவித்து மூடி வைத்தால்தான் நிறம் ஒரே சீராக ஏறும். அப்புறம் களத்தில் பரப்பி, கிளறி, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு, காலையில் பனி காய்ந்ததும் மறுபடி பரப்பி. ஒரு வாரம், சமயத்தில் பத்து நாள். காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்போம் தெரியுமா? ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டுவோம். நம் முண்டு மிளகாய் உருண்டை அல்லவா, காய்ந்திருந்தால் உள்ளே விதை கிலுகிலு என்கும். ஈரம் இருந்தால் வாய் திறக்காது. ஈரம் பட்டது வெளுத்துச் சோடை ஆகிவிடும். சோடை வத்தலுக்குப் பாதி விலைகூட வராது.

முத்து: நம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, விலை ஏறவில்லையா?

செல்வி அக்கா: மண்டியில் மூட்டையை இறக்கினேன். யாரும் குறியீட்டைக் கேட்கவில்லை. மண்டிக்காரர் சாக்குக்குள் கை விட்டார், ஒரு பிடி அள்ளினார், காதருகே ஆட்டினார்.

சின்னம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: படித்துவிட்டேன் அம்மா. பட்டா இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது, நாலு வாரிசும் கையெழுத்துப் போடாமல் யாரும் எதையும் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது. தை மாதம் எல்லாரும் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

மாமா (கீழக்கரை): போன தையிலும் இதையேதான் சொன்னீர்கள் மச்சான்.

முத்து: அதை விடுங்கள் மாமா. அக்கா, மிளகாய் கைவிட்டால் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செல்வி அக்கா: பனை இருக்கிறதே. நாற்பது மரம். இப்போது பதநீர் சீசன். ஏறுகிறவருக்கு அறுபது வயதுக்கு மேல், அவருக்குப் பிறகு யார் என்று கேட்காதே. காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவணும், விட்டால் காய்ந்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால் கள்ளாகிவிடும். மதினிதான் காய்ச்சுகிறார்.

சுந்தரி மதினி: அடுப்புக்குச் சீமைக்கருவேல்தான். வயலில் அது எமன், அடுப்படியில் என் தோழி. பாகை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவேன், உருண்டு வந்தால் சிரட்டையில் ஊற்றலாம். அரை நிமிஷம் தப்பினாலும் கருகல் வாசம். நேற்று தப்பியது. அதை உங்கள் அண்ணன் காபிக்கு வைத்திருக்கிறேன், சொல்லிவிடாதீர்கள்.

செல்வி அக்கா: அப்புறம் ஆடு ஆறு உருப்படி. ஆவணியில் பனங்கொட்டை பொறுக்கி மணலில் புதைத்தால் தையில் கிழங்கு. பன்றி விட்டுவைத்தது நமக்கு. முத்து, ஒன்றை மட்டும் நம்பி இங்கே யாரும் உட்கார்ந்ததில்லை. உன் கணக்கில் ஒரே வரிசைதானே இருக்கிறது?

முத்து: இரண்டு. கத்தரி, தக்காளி.

மாமா (கீழக்கரை): 😀

முத்து: சந்தோஷம் என்று ஒன்றுமே இல்லையா அக்கா?

செல்வி அக்கா: இல்லாமலா இருக்கிறேன். கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் கரிசலில் நடந்து பார். செருப்பில் மண் அப்பி அப்பி இரண்டு கிலோ ஆகிவிடும். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றால், முந்தின நாள் இல்லாத பச்சை கோடு கோடாக ஓடும். கண்மாய் நிரம்பிவிட்டால் மேலச்செல்வனூரில் நாரை இறங்கும். நாரை இறங்கிய வருஷம் உரக்கடையில் தைரியமாகக் கடன் கேட்கலாம், கடைக்காரரும் கொடுப்பார்.

முத்து: லீவு போட்டுவிட்டு சித்திரையில் ஒரு மாதம் வந்து இருக்கிறேன். வேலையை இப்போதைக்கு விடவில்லை.

பெரியப்பா: புரட்டாசியில் வா. சித்திரையில் எல்லாரும் நுங்கு தின்னத்தான் வருவார்கள்.

செல்வி அக்கா: தெற்கே மேகம் கூடுகிறது. களத்தில் வத்தல் கிடக்கிறது. அப்புறம் பேசுகிறேன்

சுந்தரி மதினி: நானும் வருகிறேன் அக்கா, தார்ப்பாய் எங்கே?

முத்து: அக்கா?

முத்து: மழையா?

(ஒரு மணி நேரம் கழித்து)

செல்வி அக்கா: அள்ளிவிட்டோம். வடக்கு ஓரம் மட்டும் நனைந்தது, ஒரு சாக்கு சோடைக்குப் போகும். பழைய தார்ப்பாய் நடுவில் கிழிந்துவிட்டது. முத்து, வரும்போது பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கி வா. முப்பதுக்கு முப்பது.