மடிநோய் ஒரு காம்பில் மட்டும் விடவே இல்லை, உதவுங்கள்

ஊர் மன்னார்குடி பக்கம். ஜெர்சி கலப்பினப் பசு, இரண்டாவது ஈற்று, கன்று போட்டு 24 நாள். பத்து நாளாகப் பின் வலது காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. மடியின் அந்தப் பக்கம் மட்டும் கல் மாதிரி இருக்கிறது, தொட்டால் உதைக்கிறது. ஒரு வேளைக்கு 5 லிட்டர் கறந்தது இப்போது 3 லிட்டர்தான். காய்ச்சல் முதல் இரண்டு நாளோடு சரி, தீனியும் எடுக்கிறது.

டாக்டர் மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார், காம்புக்குள் விடும் ட்யூப் மருந்தும் கொடுத்தார். வீக்கம் குறைந்து மறுபடி வந்துவிட்டது. அப்புறம் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூசினேன், ஐந்து நாள். சூடு தணிந்தது, திரி நிற்கவில்லை. அந்தக் காம்புப் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிடுகிறேன். சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டேன். மழை பெய்து கொட்டகைத் தரை ஈரமாகவே கிடந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன், இப்போது தினமும் காய்ந்த வைக்கோல் மாற்றுகிறேன்.

எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பாலை எடுத்துப்போக இருக்கிறேன். கடைசி ஊசி போட்டு எத்தனை நாள் கழித்துக் கறந்த பாலைக் கொடுத்தால் முடிவு சரியாக வரும்?