சாப்பாடு இருக்கிறது, பிறகு ஏன் பாராங் கத்தி எடுக்கிறான்?

பட்டறை அண்ணன் (சுங்கை சிப்புட்):

வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே மலேசியாவில் 22 வருஷமாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பழக வந்த பையனுக்கு 17 வயது. நல்ல கை. கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, ஜெட் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை அடைக்காமல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவனாகவே செய்தான்.

போன மாதம் மூன்று நாள் ஆளைக் காணோம். நாலாம் நாள் இடது கையில் 11 தையலோடு வந்து, "விழுந்துட்டேன் அண்ணே" என்றான். ரோட்டில் விழுந்த காயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அது பாராங் வெட்டு. எண்ணையே பெயராக வைத்திருக்கும் ஒரு குண்டர் கும்பலில் சேர்ந்து ஆறு மாதமாகிறதாம், அவன் கூட்டாளி சொல்லித்தான் தெரியும்.

பேப்பரைத் திறந்தால் வறுமைதான் காரணம் என்கிறார்கள். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். லயத்து வீடு, அதாவது தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு, ஒரே அறை, எட்டுப் பேர். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கடையில் கடன். இந்தப் பையன் வீட்டில் அந்த அளவுக்குக் கஷ்டம் இல்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறான், கையில் போன் இருக்கிறது. தோட்டத்தில் அடிதடியே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சம்பள நாள் ராத்திரி சம்சு சாராயம் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கும் சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறது. ஆனால் 17 வயசுப் பிள்ளை இன்னொரு பிள்ளையை வெட்டி நான் பார்த்ததில்லை. அப்புறம் எப்படி வறுமை காரணமாகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஓய்வு வாத்தியார் (தெலுக் இந்தான்):

தம்பி, உங்கள் அப்பா காலத்துப் பையன் 15 வயதில் என்ன செய்தான்? பள்ளிக்கூடத்தை விட்டதும் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்றான். வேலையை மேற்பார்க்கும் தண்டல் அவனுக்கும் ஒரு நிரை மரம் ஒதுக்கினார். கேவலமான கூலிதான், ஆனாலும் ஊரில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. தப்புச் செய்தால் கோயில் தலைவர் அப்பனைக் கூப்பிட்டுக் கேட்பார். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனையை நட்டார்கள், தோட்டங்களை வீடமைப்புக்கு விற்றார்கள், மிச்சமிருந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தார்கள். லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடியில் ஆளுக்கொரு மாடியாகச் சிதறின. உங்கள் பையன் வளர்ந்தது அங்கேதான்.

2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைப் பட்டியல் போட்டது. உறுப்பினர்கள் 40,000 பேருக்கு மேல், அதில் பத்துக்கு ஏழு பேர் நம் இந்தியர்கள். அப்போது நாட்டு மக்களில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். நான் பாடம் நடத்திய வகுப்புப் பிள்ளைகளின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

உங்கள் ஊரையே பாருங்கள். 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டார்கள், அவசரகாலம் வந்தது, 12 வருஷம் நீடித்தது. சுட்ட கம்யூனிஸ்ட் கட்சிக்கு அதன் கணக்கு இருந்தது, கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்கு முந்திய சில வருஷங்களையும் பார்க்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை, அரிசிக்குத் தட்டுப்பாடு, கூலி போதவில்லை. தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள், வேலை நிறுத்தம் செய்தார்கள். அதே ஜூன் மாதம் தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சட்டவிரோதமாக்கினார்கள். அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கேட்டு வாங்கும் வழியை அடைத்த பிறகு மிஞ்சியது காடுதான் என்று சிலர் நினைத்தார்கள்.

இலங்கையிலும் இதேதான். 1971 ஏப்ரலில் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளர்ந்தவர்களில் ஏராளமானோர் படித்துவிட்டு வேலை கிடைக்காத சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். பட்டினி கிடந்தவர்கள் அல்ல. அந்த வருஷங்களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது, அதாவது தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் எடுத்தால்தான் இடம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் ஆயுதம் பக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பசி ஒருவனைத் திருட வைக்கலாம். உனக்கு இங்கே இடமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் வேறு மாதிரி ஆகிவிடுகிறான்.

பத்து டயர் லோரி:

வாத்தியார் ஐயா சொன்னது பெரிய விசயம். நான் கும்பலுக்கு உள்ள இருந்தவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். அப்பா செத்தப்ப சவப்பெட்டி வாங்க வீட்டுல காசு இல்ல. சொந்தக்காரன் எவனும் எட்டிப் பாக்கல. பெட்டி, வண்டி, சுடுகாட்டுச் செலவு எல்லாத்தையும் கும்பல் தலைவரு பாத்துக்கிட்டாரு. நாப்பது பையனுங்க வரிசையா நின்னு தூக்குனானுங்க. அம்மா அழுதுகிட்டே அவரு கைய புடிச்சாங்க. அப்புறம் அவரு "போய் அவன வெட்டு"ன்னா நான் முடியாதுன்னு சொல்லுவேனா? அஞ்சு வருசம் ஜெயில்ல கெடந்தேன். வெட்டுப்பட்டவனும் என்ன மாதிரி அடுக்குமாடிப் பையன்தான். அவன் அம்மாவ இப்பவும் பசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில, பாப்பேன், நேரா பாக்க முடியாம தலைய குனிஞ்சிகிட்டுப் போயிருவேன்.

மலாய்க்காரங்களுக்கும் நம்மவங்களுக்கும் நடந்த கம்போங் மேடான் கலவரம், 2001 மார்ச், நான் அப்ப அந்தப் பக்கம் வேல செஞ்சேன். ஆறு பேரு செத்தாங்க. சாக்கடை நாத்தத்துலயும் நெருக்கடியிலயும் கெடந்தது ரெண்டு பக்கமும்தான், பங்களாக்காரன் ஒருத்தனுக்கும் அடி விழல.

அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அந்த 11 தையலுக்கு யாரு காசு கட்டுனா? அத மொதல்ல விசாரிங்க.

ரெண்டு பிள்ளை அம்மா:

லோரி அண்ணன் கேட்டதோடு இதையும் கேளுங்கள்: பையனிடம் மைகார்டு (அடையாளக் கார்டு) இருக்கிறதா? என் தங்கை மகனுக்கு இல்லை. பிறப்பைச் சரியாகப் பதியாமல் விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் எடுக்க முடியாது, இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) போட்டு ஆள் எடுக்கும் எந்தக் கம்பெனியும் சேர்க்காது. 12 வயது வரைக்கும் யாரும் கவலைப்படவில்லை. கார்டு கேட்காமல் அவனைச் சேர்த்துக்கொள்ள வந்தது ஒரே ஒரு கூட்டம்தான்.

பட்டறை அண்ணன் (சுங்கை சிப்புட்):

நேற்று கடையைச் சாத்திவிட்டு அவனை உட்கார வைத்துக் கேட்டேன். ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லை, ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். தையல் போட்டது தனியார் கிளினிக்கில், பணம் கட்டியது கும்பல். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனால் கார்டு கேட்பார்கள் என்று பயம். அவனிடம் கார்டு இல்லை. வீட்டில் பிறந்தவன். அப்பா யாரோடோ போய்விட்டார், அம்மா இவனுக்கு மூன்று வயதில் இறந்துவிட்டார், பாட்டிக்குப் பதிவு பற்றி ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கியாட்மாரா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மெக்கானிக் படிக்க வேண்டும் என்று விண்ணப்பப் பாரம் வாங்கி வந்திருக்கிறான். அடையாளக் கார்டு எண் எழுதும் கட்டம் வரைக்கும் நிரப்பி, மடித்து வைத்திருக்கிறான். காட்டினான். மடிப்பு கிழிந்து போயிருந்தது.

ஒன்றரை வருஷமாக என் பட்டறையில் இருக்கிறான். எத்தனையோ தடவை "லைசென்ஸ் எடுடா" என்று அவனைத் திட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை கடையை மூடிவிட்டு, பாட்டியையும் அவனையும் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப் போகிறேன். அம்மாவின் மரணச் சான்றிதழும், தமிழ்ப்பள்ளியில் கொடுத்த ஆறாம் ஆண்டுப் புத்தகமும், குழந்தையில் ஊசி போட்ட ஒரு கார்டும் இருக்கின்றன. பிரசவம் பார்த்த மருத்துவச்சி இன்னும் உயிரோடு இருக்கிறார், சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். தங்கை மகனுக்காக நீங்கள் அலைந்திருப்பீர்களே அம்மா, வேறு என்னென்ன கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.