[கலைச்சொல்] ரோடு பைக்கில் எடுத்துப் போகும் காற்றுப் பம்புக்குப் பெயர்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மிதிவண்டிச் சொற்பட்டியலில் "மினி பம்ப்" என்பதற்கு நேராகக் "கையெக்கி" என்று போட்டு, மறுப்பு வராவிட்டால் இந்த வாரம் முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மறுப்பு இருக்கிறது. கொஞ்சம் நீளமான மறுப்பு, டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் எக்கி. பம்புக்கான சொல்லாகப் பாடநூலில் இருக்கிறது, தண்ணீர் விஷயத்தில் ஓரளவு பழகியும் விட்டது. ஆனால் பேச்சில் எக்குவது என்றால் வயிற்றை எக்குவது, இல்லையென்றால் நுனிக்காலில் நின்று எட்டுவது. சைக்கிள் கடையில் போய் "அண்ணா, கையெக்கி கொடுங்க" என்று சொன்னால் அவர் மேல்தட்டைப் பார்ப்பார்.

அடுத்து, தம்பி ஒருவர் முன்வைத்த "காற்றடிப்பான்". வேர் சரியானது. டயருக்குக் காற்றை யாரும் "நிரப்புவது" இல்லை, அடிக்கத்தான் செய்கிறோம். ஆனால் ஒரு கால் கூடிவிட்டால் காற்றாடி ஆகிவிடுகிறது. இந்த இழையிலேயே இரண்டு பேர் "காற்றாடிப்பான்" என்று தட்டியிருக்கிறீர்கள், மேலே போய்ப் பாருங்கள்.

பேராசிரியர் ஐயா சொன்ன "துருத்தி"யைத்தான் விட மனமில்லை. குறுந்தொகையிலேயே "உலைவாங்கு மிதிதோல்" வருகிறது, காலால் மிதித்து ஊதும் துருத்தி. இரண்டாயிரம் வருடச் சொல் சைக்கிளில் ஏறினால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனாலும் ஐயா, துருத்தியின் வேலை வேறு. உலைக்கரிக்கு நிறையக் காற்று வேண்டும், அழுத்தம் பெரிதாகத் தேவையில்லை. ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள், அதன் டயருக்கு இது அப்படியே தலைகீழ். உள்ளே போகும் காற்று கொஞ்சம்தான், ஆனால் திணித்துத் திணித்து அடைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்திருக்கிறேன்.

கோவையிலிருந்து ஆனைகட்டி போகும் வழியில், மாங்கரை தாண்டி ஏற்றம் தொடங்கிய இடத்தில் பின் டயர் பஞ்சர். மாற்று டியூப் இருந்தது, புதிதாக வாங்கிய பம்பும் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் குட்டையாக, கெட்டியாக, பார்க்க அழகாக இருக்கும். பெட்டியில் "மினி" என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியது. முதல் ஐம்பது அடி வெண்ணெய் மாதிரி இறங்கியது. அப்புறம் கைப்பிடி பாதியில் நின்று நின்று திரும்பி வந்தது. பம்பைத் தொடையில் ஊன்றி, மார்பைச் சாய்த்து அழுத்தினாலும் நகரவில்லை. விரலால் டயரைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, போதும் என்று கிளம்பினேன். இறக்கத்தில் ஒரு கல். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துக்கொன்றாக இரண்டு ஓட்டை. இன்னொரு டியூப் கையில் இல்லை. சைக்கிளோடு வேனில் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றைக்கு மாலை அதே பம்பால் வீட்டில் அடித்து, அளவுமானி வைத்துப் பார்த்தேன். 55 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). அதற்கு மேல் என் உடம்பால் முடியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது 90.

கணக்கைப் போட்டால் பம்பின் மேல் தப்பில்லை. அதன் உள்விட்டம் 28 மில்லிமீட்டர், அப்படியென்றால் பிஸ்டனின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 90 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6.3 கிலோ. பெருக்கினால் 39 கிலோ வருகிறது. 90-ஐ நெருங்கும்போது, சாலையோரத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் 39 கிலோவைக் கையால் தள்ள வேண்டும். உள்விட்டம் 18 மில்லிமீட்டராக இருந்தால் அதே அழுத்தத்துக்கு 16 கிலோ போதும்.

ஆனால் ஒல்லிக்கும் ஒரு விலை உண்டு. 25 மில்லிமீட்டர் டயருக்குள் சுமார் ஒரு லிட்டர் இடம். அதை 90-க்கு ஏற்ற வெளிக்காற்று ஆறு லிட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். 18 மில்லிமீட்டர் குழல் 15 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஓர் அடிக்கு 38 மில்லிலிட்டர்தான் தள்ளும். கசிவே இல்லையென்று வைத்தாலும் நூற்று அறுபது அடி. நடைமுறையில் இருநூறைத் தாண்டும், குழல் கையைச் சுடும். ஆனாலும் 90 வந்துவிடும். குண்டுக் குழலில் எத்தனை முறை அடித்தாலும் வராது.

ஆகவே என் கட்சி இதுதான்: பெயர் பம்பின் பருமனைச் சொல்ல வேண்டும். "மினி", "கை", "பயண" இதெல்லாம் பையில் அடங்குமா என்பதை மட்டும் சொல்லும், டயர் ஏறுமா என்பதைச் சொல்லாது. மலைப்பாதை வண்டியின் தடித்த டயருக்குப் 30 பிஎஸ்ஐ போதும், அங்கே குண்டுக் குழல்தான் சரி. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடினால் என்னைப் போல இன்னும் நாலு பேர் வேனில் வருவார்கள்.

தெருவில் தண்ணீர் அடிக்கும் பம்பை "அடிகுழாய்" என்கிறோம், அரசு பலகையிலும் அப்படித்தான். அதன் தம்பியாக "அடிகுழல்" என்று வைப்போம். ரோடு பைக்குக்கு "ஒல்லி அடிகுழல்", மற்றதற்குப் "பரு அடிகுழல்". அடித்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அடித்தும் கேட்கலாம்.

– கோவையிலிருந்து

*

> தெருவில் தண்ணீர் அடிக்கும் பம்பை "அடிகுழாய்" என்கிறோம்

வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

ஒல்லி, பரு என்று பிரித்ததற்கு ஓம். அடிகுழலுக்கு இல்லை. இப்போது பட்டரியில் ஓடும் சிறிய பம் வந்துவிட்டது, நூறு கிராம் அளவில், சட்டைப்பைக்குள் அடங்கும். பொத்தானை அமத்தினால் தானே ஊதும். அதை யார் அடிப்பது?

எங்களிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது: பம்பி. நீர்ப்பம்பி, எரிபொருள் பம்பி என்று செய்தித்தாளில் நாள்தோறும் வரும். ஆங்கிலச் சொல்லுக்கு இகரம் ஒட்டியது என்று சிரிக்க வேண்டாம். பம்புதல் என்றால் செறிதல், நிறைதல் என்று அகராதியிலேயே உண்டு. செறிய வைப்பது பம்பி. நீங்கள் "திணித்துத் திணித்து" என்று எழுதியதும் அதுதானே.

இன்னொன்று. அப்பாவின் றலி சைக்கிளில் சட்டத்தோடு இரண்டு முளை இருக்கும், அதற்குள் ஒரு முழ நீளப் பம் கொழுவியிருக்கும். தோல் வாஷர் காய்ந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார், அவ்வளவுதான் பராமரிப்பு. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களுக்குச் சைக்கிளை விட்டால் வேறில்லை, அந்தப் பம் அயலெல்லாம் போய் வரும். அது மெலிந்தது, ஆனால் நீளம். உங்கள் கணக்கில் அதற்கு எந்தப் பெயர்?

*

எங்க கடையில ரெண்டு வகையும் விக்கிறோம். பருன்னு சொன்னா முகப்பருன்னு நினைப்பாங்க. ஒல்லி பம்ப், குண்டு பம்ப்னு சொன்னா ஸ்கூல் பையனுக்கும் புரியும். வாங்க வர்றவங்க பாதிப் பேர் எடையைத்தான் கேக்கிறாங்க. ஹோஸ், அதான் பம்புக்கும் வால்வுக்கும் நடுவுல வர்ற ரப்பர் குழாய், இருக்கான்னு கேக்க மாட்டேங்கிறாங்க. தலையை நேரா வால்வுல மாட்டி இருநூறு தடவை ஆட்டினா வால்வு அடியோட கிழிஞ்சிரும். ஒரு சாண் ஹோஸ் இருந்தா அந்தப் பிரச்சினையே இல்லை. பேரு எதுன்னாலும் வைங்க, விளக்கத்துல இதைச் சேருங்க.

– மதுரை

*

தம்பி, பட்டரி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். அடிகுழலை வாபஸ் வாங்குகிறேன். ஊரெல்லாம் பம்பு என்று சொல்லும்போது, அங்கே பம்பி என்று எழுத்திலும் நிலைத்துவிட்டபோது, மூன்றாவதாக ஒன்று எதற்கு? பட்டியலில் பம்பு, பம்பி இரண்டையும் ஒரே வரியில் போடலாம். அகராதிப் பொருள் உறுதுணையாக இருப்பது கூடுதல் சந்தோஷம்.

குண்டு, ஒல்லி இரண்டுக்கும் மதுரை அண்ணாவுக்கு நன்றி. "பரு" போய்விட்டது.

அப்பாவின் பம்புக்கு வருகிறேன். அதைச் "சட்டப் பம்பு" என்று எழுதப் பார்த்தேன், வக்கீல் ஆபீசில் இருக்கும் பொருள் மாதிரி இருந்தது. நீங்களே சொல்லிவிட்டீர்கள்: முழப்பம்பு. 22 மில்லிமீட்டர் உள்விட்டம், 40 சென்டிமீட்டர் ஓட்டம் என்று வைத்தால் ஓர் அடிக்கு 150 மில்லிலிட்டர், ஐம்பது அறுபது அடியில் டயர் கல் மாதிரி ஆகிவிடும். தள்ள வேண்டியது 24 கிலோ, ஆனால் நீளப் பிடி என்பதால் உடம்பைச் சாய்க்க வாகு உண்டு. வண்டியில் இடம் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் இதைவிட நல்லது இல்லை என்பது என் எண்ணம். இப்போதைய சட்டங்களில் அந்த முளைகளைத்தான் காணோம்.

கரியமில வாயுக் குப்பியைப் பட்டியலில் பம்புக்குக் கீழே வைக்க வேண்டாம். 16 கிராம் குப்பி ஒரு டயரை நொடிகளில் ஏற்றிவிடும், உண்மைதான். ஆனால் அந்த வாயு டியூப் ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசிந்துவிடும், மறுநாள் மறுபடி காற்றடிக்க வேண்டும். குப்பி தீர்ந்தால் கையில் இருப்பது வெறும் இரும்பு. அது "வாயுக்குப்பி" என்று தனியாக இருக்கட்டும்.

வரைவு வரி இப்படி: "ஒல்லிப்பம்பு (ஒல்லிப்பம்பி): 20 மில்லிமீட்டருக்கு உட்பட்ட உள்விட்டமுள்ள, வண்டியிலோ பையிலோ எடுத்துச் செல்லும் காற்றுப் பம்பு. அடி கூடும், அழுத்தம் ஏறும். மெல்லிய, உயர் அழுத்த டயர்களுக்கு. ஹோஸ் உள்ளது நல்லது." கடைசி வாக்கியம் கலைச்சொல் அகராதிக்கு அழகா என்று ஐயா கேட்கலாம். இருக்கட்டும் ஐயா.

ஹோஸ் பற்றி ஒன்று. திருகி மாட்டும் வகையில், கழற்றும்போது சில சமயம் வால்வின் உள்தண்டும் சேர்ந்து திருகிக்கொண்டு வந்துவிடும், அடித்த இருநூறும் ஒரே மூச்சில் புஸ். அந்த உள்தண்டுக்கு நம்மிடம் சொல் இல்லை. வால்வுக்கு "ஓரதர்" என்று முன்னோர் போட்டது இருக்கிறது, ஒரு வழி மட்டும் விடுவது என்று பொருளும் கச்சிதம். அப்படியானால் உள்தண்டு ஓரதர்த்தண்டா? நம்மூர் சைக்கிள் வால்வுக்குள் வரும் சிறு ரப்பர் வால் டியூப்பையும், ரோடு பைக்கில் வரும் ஒல்லி வால்வான பிரெஸ்டாவையும் எப்படிப் பிரிப்பது? இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே பதில் போட வேண்டாம்.