வன்னியில் றோ.க.த.க. (றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன்) பாடசாலையைப் பார்க்கப் போறவைக்கு: ஒக்டோபர் முதல் கிழமை

கிளிநொச்சிப் பக்கமிருந்து:
பெயர்ப்பலகையில் ‘றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன்’ என்று இருக்கும், கோவிலும் அதே வளவில் நிற்கும். அதைப் பார்த்திட்டுப் பங்குத்தந்தையிடம் மட்டும் சொல்லிப் போறவை படலையில் நிற்க வேண்டி வரும். திருச்சபை மாதிரி அமைப்புகள் அரச உதவிப் பணத்தோடு நடத்தின ‘உதவிபெற்ற பாடசாலைகளின்’ நிர்வாகத்தை இலங்கை அரசு 1960 டிசம்பரில் கையேற்றது. அடுத்த வருசச் சட்டத்தோடு காணி, கட்டடமும் போனது. மிஞ்சினது பெயர்தான். அனுமதி வலயக் கல்விப் பணிமனை விசயம். கடிதம் அதிபருக்கு, பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, இரண்டு கிழமைக்கு முதலே. எத்தனை பேர், எந்தத் தரங்கள், வாற நேரமும் போற நேரமும், பிள்ளையளைப் படம் எடுப்பீங்களா இல்லையா, எல்லாம் அதிலேயே இருக்க வேணும். படம் பற்றி எழுதாமல் போய்க் கைபேசியைத் தூக்கினால் அதிபரிடம்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

கல்வி வலயத்தையும் மாறி எழுதுகினம். மல்லாவி முல்லைத்தீவு மாவட்டம்தான், ஆனால் துணுக்காய் வலயம். மன்னாரில் மடு தனி வலயம். திருச்சபைப் பக்கம் கோடு வேறு மாதிரிப் போகுது: கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ் மறைமாவட்டம், வவுனியா, மன்னார் இரண்டும் 1981இல் பிரிந்த மன்னார் மறைமாவட்டம்.

மடுப் பக்கமிருந்து:
முதலாம் திகதி சிறுவர் தினம், ஆறாம் திகதி ஆசிரியர் தினம். இந்த இரண்டு நாளும் போனால் மாலையும் பாட்டும் விளையாட்டும் பார்க்கலாம், படிப்பிக்கிறதைப் பார்க்க ஏலாது. அதுக்கு இடையில் வாற நாள்தான் சரி. பள்ளிக்கூடம் 7.30இலிருந்து 1.30 வரை, பாடம் 40 நிமிசம், எட்டுப் பாடம். இரண்டாம், மூன்றாம் பாடத்தில் போங்கோ. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடங்களை நம்ப வேண்டாம், தூர இடத்து ஆசிரியர்மாருக்குப் பஸ் பிடிக்கிற அவசரம். இடைமழைக் காலம் எண்டபடியால் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும் வரும். தகரக் கூரையில் மழை கொட்டினால் முன்வாங்குப் பிள்ளைக்கும் ரீச்சர் சொல்லுறது கேளாது.

சமய பாடத்தைக் கட்டாயம் பாருங்கோ. ஒரே வகுப்பு இரண்டாய்ப் பிரியும்: சைவநெறிக்கு ஒரு பக்கம், கத்தோலிக்கத்துக்கு ஒரு பக்கம். அறை காணாட்டில் ஒரு கூட்டம் மரத்துக்குக் கீழே. பெயரைப் பார்த்திட்டு எல்லாரும் வேதக்காரப் பிள்ளையள் எண்டு நினைச்சுச் செபமாலை கொண்டுபோய்க் குடுக்கிறவையும் இருக்கினம். பாதிக்கு மேல் சைவப் பிள்ளையளாய் இருக்கிற பள்ளிக்கூடங்களும் உண்டு.

முல்லைத்தீவுப் பக்கமிருந்து:
சாமான் கொண்டுபோறதெண்டால்: பாடநூலும் சீருடையும் அரசு குடுக்கிறது, கொப்பி குடுக்கிறேல்லை. ஆகவே கொப்பி. சிறியவைக்கு 80 பக்கம், கணிதத்துக்குச் சதுர றூள், ஆங்கிலத்துக்கு இரட்டை றூள். தரம் 10, 11க்கு சீஆர் கொப்பி (தடித்த அட்டைப் பெரிய கொப்பி). ஒற்றை றூளை மட்டும் கட்டுக் கட்டாய் இறக்கினால் அலுமாரியில்தான் கிடக்கும். எண்ணிக்கையை இடாப்பில் (வரவுப் பதிவேட்டில்) உள்ளபடி கேளுங்கோ, அன்றைய வரவை வைத்து வாங்கினால் வராத பிள்ளைக்கு இல்லாமல் போகும்.

காசை அதிபரின் கையில் குடுக்க வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கோ. விசிறி, அச்சுப்பொறி மாதிரிப் பொருளெண்டால் பொருட்பதிவேட்டில் ஏற்றினதைப் பார்த்திட்டு வாங்கோ. பதியாத பொருளுக்கு உரிமைகோர ஆளில்லை, பழுதானால் திருத்தவும் ஆளில்லை.

ஒரு வகுப்புக்கு மட்டும் இனிப்புக் கொண்டுபோகாதேங்கோ. மற்ற வகுப்புகள் ஜன்னலில் தொங்கும்.

வவுனியாவிலிருந்து:
பள்ளிக்கூட வரலாறு தேடிப் போறவை 2009க்கு முந்திய சம்பவத்திரட்டு (பள்ளிக்கூடத்தில் நடந்ததை எழுதிவைக்கிற புத்தகம்) கிடைக்கும் எண்டு எதிர்பார்க்க வேண்டாம். போர்க்கால இடம்பெயர்வில் பல இடங்களில் அது போட்டுது. கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் சில வேளை பழைய தலைமையாசிரியர்மாரின் பெயர் அகப்படும், பங்குத்தந்தையிடம் போகவேண்டியது அதுக்குத்தான்.

வருகையாளர் குறிப்பேட்டில் ‘மிக நன்று’ எண்டு ஒரு சொல்லோட கையெழுத்து வைக்காதேங்கோ. அதிபரைக் கேட்டிட்டு, ஒழுகிற கூரை எந்த வகுப்பில், எந்தத் தரத்துக்குக் கணித ஆசிரியர் இல்லை எண்டு திகதியோட எழுதுங்கோ. அதைப் பிரதி எடுத்து வலயத்துக்குப் போற கடிதத்தோட அவர் இணைக்கலாம்.