ட்ரென்ட்சே பாட்ரைஸ்ஹோண்ட்: தடித்த இரைப்பையும் பிறழ்ந்த கொழுப்பும்

முதல் பதிவு

ட்ரென்ட்சே பாட்ரைஸ்ஹோண்ட் என்ற டச்சு வேட்டைநாய் இனத்தை இங்குள்ளவர்கள் அறிவீர்கள் என்பதால், நெதர்லாந்தில் கால்நடை மருத்துவப் பயிற்சியின்போது கண்டதை மட்டும் எழுதுகிறேன். ஓயாத வாந்தியும் மெலிவும் வெளிறிய ஈறுகளுமாக வந்த நாய் அது. குழாய்க் கேமராவை உள்ளே செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் மடிப்புகள் தடித்துப் புடைத்திருந்தன. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்த வேளையில் நான் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசிய ரத்தத் துளியை, அதாவது ரத்தப் பூச்சை, நுண்ணோக்கியில் வைத்தேன். சிவப்பணுக்களின் நடுவே வட்டமாக வெளுத்திருக்க வேண்டிய இடத்தில், சற்றே திறந்த வாயைப் போன்ற பிளவு தெரிந்தது. தாயும் தந்தையும் நோயின்றி ஓடியாடுகின்றனவே என்று வளர்த்தவர் திரும்பத் திரும்பக் கேட்டது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

மறுமொழி

இதை இரைப்பை நோயாகத் தொடங்கி எழுதுவதை நான் ஏற்கவில்லை. 1991-இல் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோதே, வாய்வடிவச் சிவப்பணுக்களும் இரைப்பைத் தடிப்பும் ஒரே குடும்பநோயாகத்தான் பதிவாயின. அலாஸ்கன் மாலமூட் என்ற வேறொரு நாயினத்திலும் இத்தகைய சிவப்பணுக்கள் உண்டு. ஆனால் அங்கே அணுவுக்குள் சோடியம் மிகுகிறது. ட்ரென்ட்சேயில் உப்புகள் இயல்பாக இருக்க, சிவப்பணுவைச் சூழ்ந்த சவ்வின் கொழுப்புகளே பிறழ்ந்திருந்தன. நான் பார்த்த நாய் வாந்தியைவிடப் பின்னங்கால் தளர்ச்சியால்தான் அவதிப்பட்டது. பாதம் மடங்கி, நகங்கள் தரையில் உரசும் ஓசை அறைக்கு வெளியிலேயே கேட்டது. நரம்பையும் தாக்கும் நோயை இரைப்பையோடு நிறுத்துவது முறையன்று.

மறுமொழி

நான் கண்டது இந்நோயுள்ள நாயன்று, ஒரு லாப்ரடார். வீட்டிலிருந்த வலி மாத்திரையைக் கொடுத்ததால் தார்போலக் கறுத்த மலம் போயிற்று. மேலே எழுதியவர் சவ்வைச் சொன்னது சரியே, ஆயினும் இரைப்பையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடலாகாது. அதன் உட்பரப்பில் பாஸ்பாடிடைல்கோலின் முதலான பாஸ்போலிப்பிடுகள் என்னும் கொழுப்புகள் படர்ந்து, நீர் ஒட்டாத தன்மையை உண்டாக்கி, அமிலம் திசுவை நனைக்காமல் காக்கின்றன. இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தப் படலத்தையும் குலைக்கின்றன. ஆகவே எந்த நாய்க்கும் அவற்றைத் தாமாகக் கொடுக்க வேண்டாம். ட்ரென்ட்சே வளர்ப்போர் வாந்தியுடன் ரத்தசோகையோ மஞ்சள் காமாலையோ கண்டால் ரத்தப் பூச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பதிவில் வரும் வளர்ப்பாளரின் கேள்விக்கும் விடை உண்டு: தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோயாக வெளிப்படும் ஒடுங்கு மரபணுவால் இது வருவது என்பதால், அதன் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் பெற்றோர் நலமாகவே இருப்பர்; அத்தகைய இரண்டு இணைந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்த இணையை மறுபடி சேர்க்க வேண்டாம். உடன்பிறந்த குட்டிகளை வாங்கியவர்களுக்கும் தகவல் சொல்லிவிடச் சொல்லுங்கள்.