புதுப்பிப்பு: இன்ஜின் ஓடுகிறது, நீலப்புகை போய்விட்டது

நீலப்புகை, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் (அழுத்தம்) குறைவு என்று எழுதி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மாற்றினால் போதுமா, போர் பண்ண (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது.

போர் பண்ணத் தேவைப்படவில்லை. லேத் பட்டறையில் அளந்து பார்த்ததில் தேய்மானம் மேனுவல் சொன்ன எல்லைக்குள்தான் இருந்தது, சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்த்துவிடும் ஹோனிங்கோடு முடிந்தது. அந்த மூன்றாவது பிஸ்டனில் ரிங்குகள் கரி பிடித்துப் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தன. நகத்தால் நெம்பினாலும் அசையவில்லை.

புது ரிங்கை மாட்டும் முன் ஒவ்வொன்றையும் அதற்குரிய சிலிண்டரில் தனியாக இறக்கி, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்தேன். 75 மி.மீ. போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்) சுமார் 0.3 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. மேனுவல் சொல்வதே இறுதி. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டும், சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதற்குமுன் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்கியது, கேஸ்கெட் மாற்றியதெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போது நீளும் வகை, அதனால் பழையதை மறுபடி போடவில்லை.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் துண்டித்து, ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டேன். அப்புறம்தான் ஸ்டார்ட். முதலில் கொஞ்சம் புகை வந்தது. பூட்டும்போது தடவிய ஆயில் எரிந்ததுதான். நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிடவில்லை, லோடு கொடுத்து ஓட்டினால்தான் ரிங் சிலிண்டர் சுவரோடு படியும்.

சிந்தெடிக் ஆயில் ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: இப்போதைக்கு மினரல் ஆயில்தான். டைமிங் கவர் ஓரத்தில் மட்டும் லேசாக ஆயில் கசிகிறது, அடுத்து அதைத்தான் பிரிக்க வேண்டும்.