பைக்கில் மியூசிக் பிளேயர் பொருத்தியவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

பொள்ளாச்சிக்காரன்

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது நடந்தது. ஹேண்டில்பாரில் பிளேயர், பக்கத்தில் சிறிய ஸ்பீக்கர், சார்ஜருக்கு மின்சாரம் ஹார்ன் வயரிலிருந்து. பொருத்தித் தந்தது ஒரு கடை. இருட்டத் தொடங்கிய நேரம், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை முழுதாக ஒடித்தேன். எஞ்சின் நின்றது, ஹெட்லைட் அணைந்தது. என் வண்டியில் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபியூஸ். பாட்டு மட்டும் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இருட்டில், சரிவில், காலூன்றத் தடுமாறிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டது இன்னும் என்னை விடவில்லை.

பின்னால் வந்த லாரி நின்றது. “பிரேக்கை விட்டுவிடாதே தம்பி” என்று கத்திக்கொண்டே டிரைவர் அண்ணன் இறங்கி வந்தார். டேங்குக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார்: ஸ்டியரிங் திரும்பும் இடத்தில் வயர் நசுங்கிச் செம்பு வெளியே தெரிந்தது. அதை வெட்டி, டேப் சுற்றி, ஸ்பேர் ஃபியூஸை மாட்டிக் கொடுத்தார். அட்டகட்டி வரை என் பின்னாலேயே வெளிச்சம் காட்டி வந்தார். அங்கே நிறுத்துவார், ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

காவிரிக்கரை

என்னுடையது பிளேயருக்குள் ஹார்ட் டிஸ்க் சுழன்ற காலத்துக் கதை. 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. அதன் அதிர்வைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டேங்க் பையில் பஞ்சு மெத்தை போட்டுப் பிளேயரை வைத்திருந்தேன். சாதாரணப் பாட்டுகளுக்குத் தொல்லை இருந்ததில்லை. சில நிமிடங்களுக்கு வேண்டியதை நினைவகத்தில் ஏற்றிவிட்டு டிஸ்க் ஓய்ந்துவிடும். குலுக்கல் அதைத் தொடாது. ஆனால் அப்பா வாசித்த நாகஸ்வரப் பதிவு சுருக்கப்படாத பெரிய கோப்பு. அதற்கு டிஸ்க் அடிக்கடி சுழல வேண்டும்.

திருவையாறு தாண்டியதும் தோடி ஆலாபனையின் நடுவே ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். அதன்பிறகு ஒன்றுமே இல்லை. மூல கேசட் வீட்டில் இருந்ததால் பதிவு பிழைத்தது. ஆனாலும் இன்று அதைக் கேட்கும்போது அந்தச் சங்கதி வருவதற்கு முன்பே என் காது அந்தச் சத்தத்துக்குத் தயாராகிவிடுகிறது. சட்டைப் பையில் வைத்திருந்தால் உடம்பே அதிர்வை வாங்கிக்கொண்டிருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

மின்பணியாளர்

காவிரிக்கரை ஐயா, சட்டைப் பை யோசனையை நான் ஏற்கவே மாட்டேன். கீழே விழுந்தால் நெஞ்சுக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே அந்தப் பெட்டிதான் இருக்கும்.

என் அனுபவம் சிறியது. பழுது பார்க்க வந்த ஒரு வண்டியில் ஹெட்லைட் டூமைத் திறந்தேன். உள்ளே சார்ஜர் அப்பளம்போல் வளைந்து கிடந்தது. வோல்ட்டைக் குறைக்கும் 7805 என்ற ஐசி வைத்துச் செய்தது. ஓடும் வண்டியில் பேட்டரி முனையில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கும். அதை 5 வோல்ட் ஆக்கும்போது மீதி 9 வோல்ட்டையும் அந்த ஐசி வெப்பமாகத்தான் வெளியேற்றும். அரை ஆம்பியர் இழுத்தாலே நாலரை வாட். காற்றே புகாத டூமுக்குள் அது எங்கே போகும்? மீதி வோல்ட்டை வெப்பமாக வீணாக்காமல் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர் வாங்குங்கள். அது இப்படிச் சுடாது.

பொள்ளாச்சி நண்பருக்கு: ஹார்ன் வயரைத் தொடவே கூடாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தனி வயர் இழுத்து, முனைக்கு மிக அருகிலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். நடுவில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, சாவி போட்டால் மட்டும் அது இயங்கும்படி இணைத்தால் இரவில் பேட்டரி இறங்காது. வயர் நசுங்கினாலும் அந்தச் சின்ன ஃபியூஸ் போகும், எஞ்சின் ஓடும். ஸ்டியரிங் கழுத்தருகே வயரைத் தளர்வாக விட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்த்த பிறகே டேங்கை மாட்ட வேண்டும்.

ஆக்சிலரேட்டர் முறுக்கினால் ஸ்பீக்கரில் ‘ஙீ’ என்ற சத்தமும் கூடவே ஏறுகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால், பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே பேட்டரியில் எர்த் ஆவதுதான் பெரும்பாலும் காரணம். ஆடியோ வயரில், மின் தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் போட்டால் தீரும்.

மலைப்பாதை

அண்ணா, வோல்ட்டையும் வயரையும் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், காதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இடது காதில் மட்டும் இயர்போன் போட்டிருந்தேன். ஒரு காது திறந்திருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பஸ் ஹார்ன் தெளிவாகவே கேட்டது. ஆனால் மேலிருந்தா, கீழிருந்தா என்று தெரியவில்லை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதும் சேர்ந்துதான் சொல்லும். நான் பின்னால் திரும்பிப் பார்த்த நேரத்தில் பஸ் எனக்கு எதிரே வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் நிறுத்திவிட்டார். அவர் என்னைத் திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

மின்பணியாளர்

தங்கை, அது இயர்போனின் குறை. ஹெல்மெட் பஞ்சுக்குள் தட்டையான ஸ்பீக்கர் இரண்டு வைத்தால் காது அடைபடாது.

மலைப்பாதை

வேகம் கூடினால் காற்றிரைச்சலை மீறச் சத்தத்தைக் கூட்டத்தானே செய்வோம் அண்ணா? அப்போது ஹார்ன் எப்படிக் கேட்கும்? மலையில் நான் பாட்டே வைப்பதில்லை.

புது வண்டி

தனிப் பிளேயர் யாரிடம் இருக்கிறது இப்போது? போனைத்தான் மாட்டுகிறோம். பாட்டு நன்றாகவே ஓடியது. அக்கா மகளின் காதுகுத்து விழாவில் படம் எடுக்கப் போனால் கேமரா நடுங்குகிறது. குழந்தையின் முகம் ஒரு படத்திலும் துலங்கவில்லை. போன் தரையில் விழுந்ததே இல்லை. பிறகுதான் தெரிந்தது: வலுவான மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு, படம் ஆடாமல் காக்கும் லென்ஸ் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. என்னுடையது வேறு போன். அதிலும் அதே வகை லென்ஸ்தான். அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த மவுண்ட்டை ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஒரு வருடமாவது ஓட்டியவர்கள், கேமரா தப்பியதா என்று மட்டும் எழுதுங்கள்.